ஜனவரி வேண்டாம் என்றவர்

ஜனவரியில் நடத்தலாம் என்றுதான் அந்தத் தாய் கேட்டார். மகன் பிறந்த மாதம் அது. சிட்னியின் வடக்குக் கடற்கரைகள் நிரம்பி வழியும் கோடை விடுமுறையும் அப்போதுதான். மகன் தன்னார்வ உயிர்காப்பாளனாக நின்ற அதே மணலில், காலை பத்து மணிக்கு, அவனுடைய நண்பர்கள் எல்லோரும் ஓட வேண்டும். ஓடி முடித்து, மதியம்வரை கடலோரத்தில் இருந்து சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் போன பிள்ளையின் நினைவாக, அந்த நோயின் ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் ஓட்டம்.

சமையலறை மேசையைச் சுற்றி எட்டுப் பேர் இருந்தார்கள். வேண்டாம் என்றவர் ஒரே ஒருவர். அவரையும் கணக்கு எழுதத்தான் கூப்பிட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து, எண்பதுகளின் பிற்பகுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வந்து, இறந்த இளைஞனின் தந்தையோடு ஒரே அலுவலகத்தில் கணக்காளராக வேலை பார்த்த பெண். ஓட்டப் பந்தயத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆனால் முந்தின இரவே ஆஸ்திரேலிய வானிலை நிலையத்தின் புற ஊதாக் குறியீட்டைத் தேடிப் பார்த்து வைத்திருந்தார். ஜனவரி நண்பகலில் சிட்னியில் அந்தக் குறியீடு 11ஐத் தாண்டுவது வழக்கம். 3 வந்தாலே தோலை மூடிக்கொள்ளச் சொல்லும் நாடு அது. ஜூனிலோ உச்சி வேளையில்கூட 2, 3 அளவில் நின்றுவிடும்.

"அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, வருகிறவர்களின் தோலை நாமே சுடலாமா?" என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. தாய் எழுந்து போய்க் கோப்பைகளைக் கழுவினார். திரும்பி வந்து உட்கார்ந்து, "ஜூன்" என்றார்.

அன்றிலிருந்து அந்த ஓட்டத்தின் பொறுப்பு கணக்காளரின் கைக்கு வந்துவிட்டது. ஓட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் எழுத வேண்டாம் என்பது குடும்பத்தின் வேண்டுகோள். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் 'அவர்'தான்.

அவர் சொன்னதற்கு ஆதாரம் இருந்தது என்பதைப் பிறகு ஒரு தோல் மருத்துவர் காட்டினார். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் நெடுந்தூரம் ஓடும் எட்டுப் பேர், பத்தாண்டுக் காலத்துக்குள் மெலனோமாவோடு மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள். அதைக் கவனித்த மருத்துவர்கள் 210 மாரத்தான் ஓட்டக்காரர்களையும், அதே வயதும் பாலினமும் கொண்ட வேறு 210 பேரையும் பரிசோதித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். இயல்பு மாறிய மச்சங்களும் வெயில் புள்ளிகளும் ஓட்டக்காரர்களிடமே அதிகம். உடம்புக்கு நல்லது என்று ஓடுகிறவர்கள், கை கால் தெரியும் உடுப்பில், வியர்வையில் வெயில் தடுப்புக் கிரீம் கரைய, மணிக்கணக்கில் வெயிலில் இருக்கிறார்கள். தோல் புற்றுநோய்க்காக நடத்தும் ஓட்டம் இதை மறந்தால் அதைவிடப் பெரிய தவறு வேறில்லை.

ஓட்டத்தை ஜூனுக்குத் தள்ளினால் மட்டும் போதாது என்பதும் சீக்கிரமே புரிந்தது. ஜூனில் ஓடுகிறவர்கள் பிப்ரவரியில் பயிற்சி தொடங்குகிறார்கள். பிப்ரவரி அங்கே கடுங்கோடை. அதனால் பெயர் பதிந்த அன்றே ஒவ்வொருவருக்கும் அவரிடமிருந்து ஒரு கடிதம் போகும். விடியற்காலையில் அல்லது மாலை ஐந்துக்குப் பிறகு ஓடுங்கள். தொப்பியும் முழுக்கைச் சட்டையும் போடுங்கள். கிரீம் பூசுவதென்றால் ஒவ்வொரு கைக்கும் ஒரு தேக்கரண்டி, ஒவ்வொரு காலுக்கும் ஒரு தேக்கரண்டி, முகத்துக்கும் கழுத்துக்கும் ஒன்று, முன்னுடம்புக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. ஆக ஏழு தேக்கரண்டி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். இது வெறும் அறிவுரை இல்லை. குயின்ஸ்லாந்தின் நம்பூர் என்ற ஊரில் 1992ல் தொடங்கிய ஆய்வில் 1,621 பேர் சேர்ந்தார்கள். பாதிப் பேர் நாலரை ஆண்டு தினமும் கிரீம் பூசினார்கள், மறுபாதிப் பேர் தங்கள் இஷ்டப்படி. தினமும் பூசியவர்களுக்குச் செதிள் செல் வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பல ஆண்டு கழித்துப் பார்த்தபோது மெலனோமாவும் அவர்களிடையே ஏறக்குறைய பாதிதான்.

முதல் ஓட்டம் 2010 ஜூனில் நடந்தது. இருநூறு பேர்கூட வரவில்லை.

திங்கட்கிழமை அவர் கணக்கைப் போட்டுப் பார்த்தார். கவுன்சில் அனுமதிக் கட்டணம், சாலையை மறிக்கும் ஆட்களுக்குக் கூலி, பொதுப் பொறுப்புக் காப்பீடு, முதலுதவிக் குழு, மார்பில் குத்தும் எண் அட்டை, நேரம் பதியும் சிப், தற்காலிகக் கழிப்பறைகள், தண்ணீர், வாழைப்பழம். நுழைவுக் கட்டணமாக வந்த பணத்தில் பெரும்பகுதியை இவையே தின்றுவிட்டன. ஆராய்ச்சிக்கு என்று மிஞ்சியதைப் பார்த்தபோது ஒரு விருந்துச் செலவுக்குக்கூடக் காணாது என்று தோன்றியதாம். வந்தவர்களோ தாங்கள் கட்டிய கட்டணம் முழுவதும் ஆய்வுக்கூடத்துக்குப் போகிறது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையை அப்படியே விட்டுவைக்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. வரவு செலவு முழுவதையும், வாழைப்பழம் உட்பட, ஒரு தாளில் அச்சடித்து உயிர்காப்பு மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். குழுவில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. இவ்வளவு குறைவாக வந்ததை ஊருக்குக் காட்ட வேண்டுமா என்று கேட்டார்கள். காட்டித்தான் ஆக வேண்டும் என்றார். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு அடுத்த வாரமே மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் போக்குவரத்து வேலைக்குத் தன் ஆட்களை இலவசமாகத் தருவதாகச் சொன்னார். இன்னொருவர் பழக்கடைக்காரர்.

இந்தத் தொழிலின் அரிச்சுவடியை அவர் கற்றது அங்கேதான். நுழைவுக் கட்டணம் சாலைக்குப் போகிறது. ஓடுகிறவர் தன் மாமாவிடமும் மேலாளரிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் கேட்டு வாங்கும் பணம்தான் ஆராய்ச்சிக்குப் போகிறது. நூறு பேர் ஓடினால் போதும். ஆனால் அந்த நூறு பேரும் கேட்க வேண்டும்.

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் கனடாவின் டெரி ஃபாக்ஸ். எலும்புப் புற்றுநோயில் வலது காலை இழந்த அந்த இளைஞர், 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கினார். 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர். நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டி வந்தது. 1981 ஜூன் 28ல், 22 வயதில் இறந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் நடந்த முதல் டெரி ஃபாக்ஸ் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் கலந்துகொண்டு 35 லட்சம் கனடிய டாலர் திரட்டினார்கள். இன்றும் அந்த ஓட்டத்தில் கட்டாய நுழைவுக் கட்டணம் கிடையாது, போட்டி கிடையாது, கம்பெனி விளம்பரப் பலகை கிடையாது. சென்னையில் ஐ.ஐ.டி. வளாகத்தில்கூட அது நடந்திருக்கிறது. நம் கணக்காளர் அதை வரிவரியாகப் படித்தார். கட்டணத்தை முழுவதும் விட அவரால் முடியவில்லை, சாலைச் செலவு இருக்கிறதே. ஆனால் கட்டணத்தைச் செலவுக்கு வேண்டிய அளவோடு நிறுத்தினார். பதிவுப் படிவத்தின் மேலேயே எழுதினார்: 'இந்தப் பணம் சாலைக்கு. ஆராய்ச்சிக்கான பணத்தை நீங்கள் கேட்டு வாங்கி வாருங்கள்.'

கேட்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு ஓட்டக்காரருக்கும் இணையத்தில் ஒரு நன்கொடைப் பக்கம் இருக்கும். அதில் முதலில் கொடுப்பவர் யார், எவ்வளவு என்பது அடுத்து வருகிறவர்களின் கையைத் தீர்மானிக்கிறது. கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவர்கள் முந்தின வரியைப் பார்ப்பதுபோலத்தான். 2010 லண்டன் மாரத்தான் ஓட்டக்காரர்களின் நன்கொடைப் பக்கங்களை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்களும் இதையே கண்டார்கள்: அதுவரை வந்த நன்கொடைகளின் சராசரி பத்து பவுண்டு கூடினால், அடுத்தவர் சுமார் இரண்டரை பவுண்டு கூட்டிக் கொடுக்கிறார். ஆகவே அவர் ஓட்டக்காரர்களிடம் சொல்வது இதுதான்: உங்கள் குடும்பத்தில் கை தாராளமானவர் யாரோ, பக்கத்தை முதலில் அவருக்கு அனுப்புங்கள். ஊருக்கு அனுப்புவது அதற்குப் பிறகு. எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பாதீர்கள், பேர் சொல்லி எழுதுங்கள். புற்றுநோயை ஒழிப்போம் என்று எழுதாதீர்கள், அவன் யார் என்று எழுதுங்கள். முதுகில் இருந்த ஒரு மச்சத்தை அவன் கண்ணாடியில் பார்த்ததே இல்லை என்று எழுதுங்கள்.

2011ல் ஒரு பெரிய சோதனை வந்தது. அழகு நிலையங்கள் நடத்தும் ஒரு நிறுவனம், முக்கிய ஆதரவாளராக வர முன்வந்தது. அதுவரை யாரும் தராத தொகை. குழு மகிழ்ந்துபோனது. அவர் அந்த நிறுவனத்தின் சேவைப் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தோலைச் செயற்கையாகப் பழுப்பாக்கும் சோலாரியம் படுக்கைகள் அதில் இருந்தன. புற ஊதாக் கதிரைக் காசுக்கு விற்கும் படுக்கைகள். அதற்கு நான்கு ஆண்டுக்கு முன் மெல்பர்னில் கிளேர் ஆலிவர் என்ற 26 வயதுப் பெண், மெலனோமாவில் சாகும் தறுவாயில் இந்தப் படுக்கைகளுக்கு எதிராகப் பேசியதை ஆஸ்திரேலியா முழுவதும் தொலைக்காட்சியில் பார்த்திருந்தது. அந்தக் காசோலையைத் திருப்பி அனுப்பும் கடிதத்தை அவர்தான் எழுதினார். அந்த ஆண்டு நேர அளவீட்டுக் கருவிக்குக்கூடப் பணம் இல்லை. ஒரு பள்ளி ஆசிரியர் கைக்கடிகாரத்தோடு நின்றார். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வணிக சோலாரியங்கள் 2014 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன. அப்படி ஒரு தடை வராமலே போயிருந்தாலும் அந்தப் பணத்தை மறுத்தது சரிதான் என்பது அவர் கருத்து. என் கருத்தும் அதுவே.

சரி, திரட்டிய பணம் என்ன ஆகிறது? இதை விளக்கத்தான் அவர் அதிகம் பாடுபட்டார். ஒரு சிறு ஓட்டத்தின் பணத்தில் மருந்து கண்டுபிடிக்க முடியாது. ஆனால் எந்த மருந்தும் ஒரு யோசனையாகத்தான் தொடங்குகிறது. உடம்பின் எதிர்ப்புச் செல்களைப் பிடித்து வைத்திருக்கும் 'பிரேக்'கை விடுவித்தால் அவை கட்டியைத் தாக்கும் என்று ஜேம்ஸ் அலிசனின் ஆய்வுக்கூடம் எலிகளில் காட்டியது 1996ல். மருந்து நிறுவனங்கள் எளிதில் நம்பவில்லை. அதிலிருந்து பிறந்த இபிலிமுமாப், பரவிவிட்ட மெலனோமாவில் ஆயுளைக் கூட்டிய முதல் மருந்து. அதற்கு அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது 2011 மார்ச்சில். நடுவே பதினைந்து ஆண்டுகள். 2018ல் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோஞ்ஜோவுக்கும் நோபல் பரிசு. அரசு மானியம் கேட்டு வரும் விண்ணப்பங்களில் பத்தில் ஒன்று அளவுக்கே ஆஸ்திரேலியாவில் பணம் கிடைக்கிறது. அதற்கும் முதற்கட்ட முடிவுகளைக் காட்ட வேண்டும். அந்த முதற்கட்ட வேலையைச் செய்ய ஓர் இளம் ஆய்வாளருக்கு ஓராண்டுச் சம்பளம், நோயாளிகள் தந்த கட்டித் துணுக்குகளைத் திரவ நைட்ரஜனில் காத்து வைக்கும் செலவு, இவற்றுக்குத்தான் இதுபோன்ற ஓட்டப் பணம் போகிறது. நன்கொடையாளர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், மூடியைத் திறந்ததும் வெண்புகை எழும் அந்த உறைகலனைக் காட்டச் செய்தார். நூறு துண்டறிக்கைகள் செய்யாததை அந்தப் புகை செய்தது என்கிறார்.

முதல் ஓட்டம் நடந்த அதே 2010 ஜூனில்தான் இபிலிமுமாப்பின் பரிசோதனை முடிவு சிகாகோ மாநாட்டில் வெளியானது. பையன் இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. அந்தச் செய்தியைத் தந்தை ஒரு தாளில் அச்சடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஓடினார் என்பதை வெகுகாலம் கழித்துத்தான் கணக்காளர் அறிந்தார்.

அந்தத் தந்தைதான் 2015ல் நிறுத்திவிடலாம் என்று சொன்னவர்.

ஐந்தாறு ஆண்டில் எல்லா நினைவு ஓட்டங்களுக்கும் இது வரும். நண்பர்கள் கல்யாணம் முடித்து வேறு ஊர் போகிறார்கள். கூட்டம் பாதியாகிறது. வருகிறவர்களில் பாதி பேர் அவனைப் பார்த்தே அறியாதவர்கள். அந்த ஆண்டு ஓட்டம் முடிந்ததும் ஓர் இளைஞன், தன் பனியனில் இருந்த படத்தைக் காட்டி இது யார் என்று தந்தையிடமே கேட்டிருக்கிறான். அவரால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் அலுவலகத்தில் கணக்காளரின் மேசைக்கு வந்து, "போதும்" என்றார். இவர் மறுத்துப் பேசவில்லை. டிசம்பர்வரை பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

அந்த ஆகஸ்டில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர், தனக்கு மெலனோமா மூளைவரை பரவியிருப்பதாக அறிவித்தார். கதிர்வீச்சோடு பெம்ப்ரோலிசுமாப் என்ற புதிய மருந்தும் கொடுத்தார்கள். டிசம்பரில், 91 வயதில், மூளையில் புற்றுநோயின் தடயமே இல்லை என்று தெரிவித்தார். செய்தி வந்த அன்று தந்தை மறுபடியும் மேசைக்கு வந்தார். கண்கள் சிவந்திருந்தன. என் பிள்ளைக்கு 24 என்றார். அதற்கு மேல் அன்று பேசவில்லை. மறுவாரம் வந்து சொன்னார்: "மருந்து வேலை செய்கிறது. ஜூனுக்கு அனுமதி எடுத்துவிடுங்கள்." கார்ட்டர் அதற்குப் பிறகு ஒன்பது ஆண்டு இருந்து, 2024 டிசம்பரில் 100 வயதில் காலமானார்.

ஆனால் பழையபடியே நடத்த இவர் சம்மதிக்கவில்லை. பனியனிலிருந்து படத்தை எடுத்துவிட்டார். எண் அட்டையின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டு, ஓடுகிறவர் யாருக்காக ஓடுகிறாரோ அந்தப் பெயரை அவரே எழுதட்டும் என்றார். தொடங்குமுன் அவனை அறிந்த ஒருவர் ஒரு நிமிடம் பேசுவார். ஒவ்வோர் ஆண்டும் வேறொருவர், வேறொரு சம்பவம். ஒருமுறை அவனுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்த ஆசிரியை பேசினார். ஒருமுறை அவன் அலையிலிருந்து இழுத்து வந்த ஒரு பெண், தன் குழந்தையோடு வந்து பேசினாள். கூட்டம் திரும்ப வந்தது. 2020ல் கொரோனா தடையால் ஆளுக்கொரு தெருவில் தனித்தனியாக ஓடினார்கள், அப்போதும் விட்டுவிடவில்லை.

சொந்தக்காரர்களிடையே அவருக்கு வேறொரு சண்டை இருந்தது. மேற்கு சிட்னியில் இருக்கும் பெரியம்மா எப்போதும் கேட்பாராம்: "ஏன் பிள்ளை, உந்த வெள்ளைக்காரற்ர வருத்தத்துக்கு நீ ஓடித் திரியிறாய்? எங்கட தோலுக்கு உது வராது." முதல் சில ஆண்டுகள் அவரும் அப்படித்தான் நினைத்திருந்தார். பெருமளவு அது உண்மையும்கூட. கறுத்த தோலில் மெலனோமா அரிது. ஆனால் வருவது பெரும்பாலும் வெயில் படாத இடத்தில்: உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தின் அடியில். கிரீம் பூசி அதைத் தடுக்க முடியாது, அதற்கு வெயில் காரணம் இல்லை. பாடகர் பாப் மார்லிக்கு 1977ல் கால்விரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். கால்பந்தாட்டத்தில் பட்ட அடி என்று முதலில் நினைத்தார்கள். 1981 மே 11ல், 36 வயதில் இறந்தார். நம்மவர்களும் ஆணி என்றும் இரத்தக்கட்டு என்றும் விட்டுவிட்டு, முற்றிய பிறகே மருத்துவரிடம் போகிறார்கள். புதிய மருந்துகளுக்கும் இந்த வகை அவ்வளவாக இணங்குவதில்லை. அரிதாக வருவதால் இதற்கான ஆராய்ச்சியும் குறைவு.

இதைப் படித்தறிந்த ஆண்டு, திரட்டும் பணத்தில் ஒரு பங்கை இந்த வகை மெலனோமாவின் ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்று குழுவில் கேட்டார். எங்கள் பையனுக்கு வந்தது இது இல்லையே என்று ஒருவர் சொன்னார். அதற்குப் பதில் சொன்னது தாய்தான். எந்தத் தாய்க்கும் வரக்கூடாது என்றுதானே ஓடுகிறோம் என்றார். தீர்மானம் நிறைவேறியது.

அந்த வாரம் அவர் பெரியம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப் போனார். செருப்பைக் கழற்றி வைக்கும் இடத்தில் பெரியம்மாவை இருத்தி, இரண்டு பாதங்களையும் தூக்கிப் பார்த்தார். "என்ன பிள்ளை, ஆக்கள் பார்க்கினம்" என்று பெரியம்மா வெட்கப்பட்டார். பார்த்தவர்களில் ஒரு முதியவர், தன் காலையும் பார்க்கச் சொல்லி நீட்டினார். குதிகாலுக்கு அருகே ஒழுங்கற்ற ஓரத்தோடு கருமை இருந்தது. அந்த முதியவரை அடுத்த நாள் அவரே மருத்துவரிடம் கூட்டிப் போனார். சதையை எடுத்துச் சோதித்ததில் கெட்டது எதுவும் இல்லை. ஆனாலும் காட்டியது நல்லது என்றார் மருத்துவர்.

2024ல் வெளியான பத்தாண்டு முடிவு ஒன்று இருக்கிறது. இபிலிமுமாப்போடு நிவோலுமாப் என்ற மருந்தையும் சேர்த்துப் பெற்ற, நோய் முற்றிய மெலனோமா நோயாளிகளில் 43 சதவீதம் பேர் பத்தாண்டு கழித்தும் உயிரோடு இருந்தார்கள். பையன் நோயில் விழுந்த காலத்தில் அந்த நிலையில் இருந்தவர்களில் பாதிப் பேர்கூட ஓராண்டைத் தாண்டுவதில்லை. இந்த எண்ணைச் சொல்லும்போது அவர் முகம் மலர்கிறது. உடனே மீதி 57 என்கிறார். இந்த ஜூனுக்கான கவுன்சில் அனுமதி விண்ணப்பம் அவர் மேசையில் கையெழுத்தாகிக் கிடக்கிறது.

இதைப் படிக்கிற உங்களிடம் சேர்க்கச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இன்றிரவு கால் கழுவும்போது உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், விரல் இடுக்கையும் நகத்தடியையும் சேர்த்து. வீட்டில் குனிய முடியாத பெரியவர்கள் இருந்தால் அவர்கள் பாதத்தை நீங்கள் பாருங்கள். புதிதாக வந்த, வளர்கிற, நிறம் மாறுகிற கறுப்பு எதுவும் இருந்தால் இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.